ஓட்டிவிடக் கூடாதுன்னு ஒரு சட்டம்

ஜூன் 3

டேய் ஊசி,

முடியாதுடா. ஒரு கேசட்டு கூட வராது. "பெட்டியில என் பங்கை மட்டும் அனுப்பி வை"ன்னு எழுதியிருக்கியே, உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? பங்காம் பங்கு! அப்பன் சொத்தா இது, பாகம் பிரிச்சுக்கறதுக்கு? எது நீ வாங்கினது, எது நான் வாங்கினதுன்னு யாருக்குடா தெரியும்? என்னோடதுல எல்லாம் நீல நூல் கட்டியிருக்கேன்னு சட்டம் பேசாத. அந்த நூலை எல்லாம் நான் அவுத்துப் போட்டாச்சு.

(அவுக்கல அண்ணா. சும்மா சொல்றார். கட்டினது கட்டினபடியே இருக்கு.)

பாத்தியா? எழுதறது என் பொண்டாட்டி, நீ தங்கச்சின்னு கூப்பிடுவியே, அவ. மூணாங்கிளாஸோட நின்னவன் நான். லாரி நம்பர் எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன், அதுக்கு மேல பேனா என் பேச்சைக் கேக்காது. நான் சொல்லச் சொல்ல இவ எழுதறா. ஆனா நடுநடுவுல ரெண்டு வளைவு போட்டு தன்னோட சரக்கையும் இறக்கறா. வளைவுக்குள்ள இருக்கறதை நீ படிக்காத.

தையக்கடையை இழுத்து மூடிட்டு மக வீட்டோட போறேன்னு கிளம்பினியே, அன்னிக்கு என்ன பேசினோம்? பெட்டி என்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எப்பவும் போல கண்ணை மூடிக்கிட்டு கையை விட்டு ஒண்ணை எடுக்கணும். எடுத்தது எடுத்ததுதான். ஒரு பக்கம் முழுசாக் கேக்கணும். காது புண்ணாப் போனாலும் பட்டனை அமுக்கி ஒரு பாட்டையும் ஓட்டிவிடக் கூடாது. கேட்டு முடிச்சு, வாய்க்கு வந்தபடி திட்டி உனக்கு எழுதணும். நீ அங்க ரேடியோவுல வர்றதைத் திட்டி எனக்கு எழுதணும். இதானே பேச்சு? இப்ப பங்கு எங்கேருந்து வந்துச்சு?

சரி, என் கடமையை நான் செய்யறேன். இந்த வாரம் கையில வந்தது அந்தப் படகுப் பாட்டு. ஒரு பொண்ணு கரையில நின்னு படகுக்காரனைக் கூப்பிடறாளே, அது. பல்லவி முழுக்கக் கூப்பிடறா, சரணம் முழுக்கக் கூப்பிடறா, அந்தப் பய வரவே மாட்டேங்கறான். நான் என்ன சொல்றேன்னா, இஞ்சின்ல ஏர் புடிச்சிருக்கும். பம்புல நாலு தட்டு தட்டினா ஸ்டார்ட் ஆயிடும், அதுக்கு எதுக்கு இவ்வளவு ஒப்பாரி? நீ இருந்தா "அது துடுப்புப் போடற படகுடா மடையா"ன்னு கத்தியிருப்ப. கத்த ஆளில்ல. நானே என்னை மடையான்னு சொல்லிக்கிட்டேன். சுகப்படல.

இன்னொண்ணு. உன் கடுதாசி பூரா "நாங்க கேட்டோம்", "எங்களுக்குப் பிடிச்சுது"ன்னு இருக்கே. யாருடா அந்த நாங்க? நீ எப்போலேருந்து ரெண்டு பேர் ஆன?

உன்,
ஸ்பானர்


ஜூன் 11

அன்புள்ள ஸ்பானருக்கும், எழுதிக் குடுக்கற தங்கச்சிக்கும்,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கறது உன் கோவத்துலேருந்தே தெரியுது.

உன்கிட்ட மூடி மறைக்கறதுக்கு என்ன இருக்கு? சொல்றேன் கேளு. இங்க மக வீடு மூணாவது மாடி. ரெண்டே ரூமு. மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்டு, பகல்ல தூங்கறார். ரேடியோ போட்டா அவர் தூக்கம் கெடும். அவர் எழுந்தா டிவி போடுவாங்க. யாரையும் குத்தம் சொல்லல. அவங்க வீடு, அவங்க பொழப்பு. நான் ரேடியோவைத் தூக்கிக்கிட்டு மாடிப்படியில உக்காந்து, சத்தத்தைக் குறைச்சு, காதோட வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். வந்து சேர்ந்த நாளா அப்படித்தான். நீ கஷ்டப்படுவன்னு எழுதல.

ஒரு நாள் ரெண்டாவது மாடிக் கதவு திறந்துச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆன அம்மா. தனியாத்தான் இருக்காங்க. நான் காதைப் புடிச்சுக்கிட்டு குனிஞ்சிருந்ததைப் பாத்துட்டு மயக்கம்னு நினைச்சு நாடி பாக்க வந்துட்டாங்க! பாட்டுக் கேக்கறேங்கன்னேன். "அதை உள்ள வந்து கேளுங்க, படி ஜில்லுனு இருக்கு"ன்னாங்க. அவங்ககிட்ட டேப் ரெக்கார்டர் இருக்கு. கேசட்டுதான் நாலோ அஞ்சோ. சாயந்தரம் கதவைத் திறந்து வெச்சு, எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்க. அதான் "நாங்க".

நல்லாக் கேக்கத் தெரிஞ்சவங்கடா. நம்ம பெட்டியிலயும் இருக்கே, அந்தப் பாட்டுல பொண்ணு அழுது பாடறா, பின்னால வயலின் மட்டும் சிரிக்குதுன்னாங்க. மறுபடி கேட்டேன். ஆமாம், சிரிக்குது! அதே மாதிரி, நீ சொல்வியே, "மூணாவது சரணத்துல தபலாக்காரன் தூங்கிட்டான், பாட்டு முடிஞ்சப்புறம்தான் எழுப்பினாங்க"ன்னு, அதை அவங்ககிட்ட எடுத்து விட்டேன். வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

இருக்கற அஞ்சு கேசட்டும் தேஞ்சு போச்சு. அதனாலதான் என் பங்கைக் கேட்டேன். கொஞ்சம் மனசு வை.

உன்,
ஊசி


ஜூன் 17

டேய் திருட்டு ஊசி,

தபலாக்காரன் தூங்கினது யாரோட சரக்கு? என்னோடது! நான் பெத்த பிள்ளை மாதிரி வெச்சிருந்த ஜோக்கைத் தூக்கிக்கிட்டுப் போய் ரெண்டாவது மாடியில வித்துட்டு வந்திருக்க. "இது என் சிநேகிதன் சொன்னது"ன்னு ஒரு வார்த்தை சொன்னியா? சொல்லியிருக்க மாட்ட. அவங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சப்ப நீயும் தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்குத் தெரியும் அந்த மண்டை.

வயலின் சிரிக்குதாம்ல? நாளைக்கு புல்லாங்குழல் தும்முதும்பாங்க, அதுக்கும் நீ ஆமாம்ப. நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், அந்தப் பாட்டுல வயலின்காரனுக்கு பாக்கி வரவேண்டியிருக்கு, அதான் வேகவேகமா வாசிச்சுட்டு ஓடறான்னு. அப்பல்லாம் "உனக்கு ஞானமே இல்லடா"ன்ன. நர்ஸம்மா சொன்னா ஞானம், நான் சொன்னா கிரீஸா?

ஊசி போடறவங்களுக்கு ஒரு ஊசி துணை. நல்லாத்தான் அமைஞ்சிருக்கு. அவங்களுக்கு என்ன வயசு? கண்ணாடி போட்டிருக்காங்களா? டீ குடுக்கறாங்களா? என் வீட்டு டீயை விட நல்லா இருக்கா? எல்லாத்துக்கும் பதில் எழுது.

(அண்ணா, கடைசிக் கேள்வியை மட்டும் ரெண்டு தடவை எழுதச் சொன்னார். டீ போடறது நான். கேக்கறது அவர்.)

நீ மட்டும்தான் ஆள் புடிப்பியா? எனக்கும் கிடைச்சாச்சு. நம்ம தெரு முனை இஸ்திரிக்காரர். போன ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்கார வெச்சுத்தான் கேட்டேன். எவ்வளவு ரசனைங்கற! கண்ணை மூடிக்கிட்டாரு. ஒவ்வொரு பாட்டுக்கும் தலையை அப்படியே தொங்கப் போட்டுட்டாரு. நீ எல்லாம் கிட்டவே நிக்க முடியாது.

(தூங்கிட்டார் அண்ணா. சட்டையைக் குடுத்துட்டுப் போக வந்த மனுஷனை இவர் கையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சார். எழுந்ததும் "நான் போலாங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் போனார்.)

ரசிச்சவன் தூங்குவான். நம்ம கேசட்டுல தபலாக்காரனே தூங்கலையா?

அன்னிக்கு வந்தது ஜெயில் தாலாட்டு. அதான்டா, கம்பிக்கு உள்ள நின்னுக்கிட்டு, எங்கயோ தூரத்துல இருக்கற குழந்தைக்கு அவன் பாடறானே. அந்தத் தொண்டைக்கு ஊர்ல இருக்கற எல்லாக் குழந்தையும் முழிச்சுக்கும். இத்தோட நம்ம கேசட்டுல நாடா வேற இழுத்துக்கிச்சு. கடைசி அடியில பாட்டுக்காரர் எருமை மாதிரி ஆயிட்டார். நான் ஒருத்தனே சிரிச்சேன். ஒருத்தனே சிரிச்சா அது சிரிப்பு மாதிரியே இல்லடா. இருமல் மாதிரி இருக்கு.

சரி விடு. நீ படியில உக்காந்திருந்தேன்னு எழுதியிருந்தியே, அந்த இடத்தைப் படிச்சதும் இவ கடுதாசியைக் கீழ வெச்சுட்டா. நானும் டம்ளரைக் கீழ வெச்சேன். இவ்வளவு நாள் சொல்லாம இருந்திருக்கியே, நாயே. ரேடியோவைக் காதோட வெச்சுக்கிட்டு... சரி, சரி. எழுதாத அதை.

(எழுதிட்டேன்.)

பெட்டி விஷயம் யோசிக்கறேன். யோசிக்கறேன்னுதான் சொன்னேன். அனுப்பறேன்னு சொல்லல. அதுக்குள்ள அங்க இடம் ஒழிச்சு வைக்காத.

ஸ்பானர்


ஜூன் 25

அன்புள்ள ஸ்பானருக்கு,

யோசிக்கறேன்னு நீ சொன்னதே எனக்குப் பெரிசு. உன் கடுதாசியை நர்ஸம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்த இஸ்திரிக்காரரை நினைச்சா பாவமா இருக்கு"ன்னு சொல்லி சொல்லி சிரிச்சாங்க. தபலா உன் சரக்குன்னும் சொல்லிட்டேன். போதுமா?

உன் கேள்விக்கு எல்லாம் பதில்: வயசு கேக்கல. கண்ணாடி உண்டு. டீ குடுக்கறாங்க. தங்கச்சி டீ தங்கச்சி டீதான்.

ஒண்ணு சொல்லணும். நான் சொல்லாம விட்டா உனக்குத் தெரியவே தெரியாது, ஆனா அப்படி வெச்சுக்கிட்டு உனக்குக் கடுதாசி எழுத எனக்கு வரல. போன வாரம் அவங்க கேசட்டு ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. மூணாவதா ஒரு பாட்டு. கல்யாணப் பொண்ணை வழியனுப்பற மாதிரி ஒண்ணு. ஆரம்பிச்சதும் அவங்க, "இது இன்னிக்கு வேண்டாமே"ன்னாங்க. ஏன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. பட்டன் என் கை பக்கம் இருந்துச்சு. ஓட்டிவிட்டேன்.

ஓட்டினதும் உன் நினைப்புதான் வந்துச்சு. நீ திட்டுவன்னு தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன்டா. ஒண்ணும் ஆகல. அடுத்த பாட்டு வந்துச்சு, கேட்டோம். அவ்வளவுதான்.

திட்டி எழுது. ஆனா பெட்டியைப் பத்தி நல்ல முடிவா எழுது. முடிஞ்சா ஒரு நடை வந்துட்டுப் போ. ரெண்டு நாற்காலியோட மூணாவதும் போடறது ஒண்ணும் கஷ்டம் இல்லைன்னாங்க.

உன்,
ஊசி


ஜூலை 8

ஓட்டினியா?

டேய், ஓட்டினியா? நான் இவளை நாலு தடவை படிக்கச் சொன்னேன். கண்ணு சரியாத் தெரியலையோ, வேற எதையோ படிக்கறாளோன்னு கண்ணாடியைத் துடைச்சுக் குடுத்தேன். நாலு தடவையும் ஓட்டிவிட்டேன்னுதான் இருக்கு. அதுவும் எப்படி? "ஒண்ணும் ஆகல"! உனக்கு ஒண்ணும் ஆகலடா. இங்க எனக்கு ஆச்சு.

இந்தச் சட்டம் போட்டது யாரு? நானா? நான் பட்டறைக்காரன், எனக்கு எது ஓடலையோ அதைக் கழட்டி எறிஞ்சுதான் பழக்கம். நீதான்டா சொன்ன, "துணி பிடிக்கலைன்னு பாதியில தையலை விட்டா யாருக்கும் சட்டை வராது, பாட்டும் அப்படித்தான்"னு. நீ சொன்ன ஒரே வார்த்தைக்காக எத்தனை கண்றாவிப் பாட்டை முழுசாக் கேட்டிருக்கேன் தெரியுமா? அந்தக் குடிகாரன் தத்துவப் பாட்டு ஒண்ணு இருக்கே, வாழ்க்கைன்னா என்னன்னு ஒம்பது தடவை கேப்பானே, அவனை எத்தனை ஞாயித்துக்கிழமை பொறுத்துக்கிட்டேன்! கரண்டு போயி பாதியில நின்னா, வர்ற வரைக்கும் வீட்டுக்குப் போகாம இருட்டுல உக்காந்திருப்பியே, மீதியைக் கேட்டுட்டுத்தான் எழுந்திரிக்கணும்னு. எனக்கு ஜுரம் கொதிச்சப்பக் கூட விட்டியா? போர்வையைப் போத்திவிட்டு "இன்னும் ரெண்டு பாட்டுதான்டா"ன்ன.

அதெல்லாம் கூட போகட்டும். எங்கம்மா செத்துப் போன மாசம் ஞாபகம் இருக்கா? கையை விட்டா வந்தது அம்மா பாட்டு. ரெண்டு அடி கேட்டேன், முடியல. "ஊசி, ஓட்டிவிடுடா"ன்னேன். ஒரே ஒரு தடவைதான்டா உன்கிட்ட கேட்டேன். நீ ஓட்டல. "சட்டம்டா"ன்ன. நான் துண்டுல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுக் கேட்டேன். நீ பக்கத்துல உக்காந்து என் முதுகு மேல கையை வெச்சுக்கிட்டு, கடைசி அடி வரைக்கும் எடுக்கல. அதுக்கப்புறம் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவன் கூட இருந்தா எதையும் முழுசாக் கேட்டுடலாம்னு நினைச்சேன். அப்படி ஒரு தெம்பு.

இப்ப அவங்க "வேண்டாமே"ன்னாங்களாம், இவன் ஏன்னு கூடக் கேக்கலையாம், ஓட்டிட்டானாம்! எனக்கு ஓடாத பட்டன்டா அது! அவங்க என்ன எங்கம்மாவை விட பெருசா இழந்துட்டாங்க? சொல்லு. நான் அன்னிக்கு அழுதது உனக்கு அழுகையாத் தெரியலையா? கண்ணாடி போட்டுக்கிட்டு "வேண்டாமே"ன்னா மட்டும்தான் தெரியுமா?

மூணாவது நாற்காலியாம். எனக்கா? நானாடா மூணாவது?

உன் கடுதாசி வந்த நாள்லேருந்து பெட்டி இருக்கற ரூமுக்குள்ளயே நான் போகல. ரெண்டு ஞாயித்துக்கிழமை சும்மா வாசல்லயே உக்காந்திருந்தேன். நல்லாக் கேட்டுக்க. பெட்டியும் கிடையாது, பங்கும் கிடையாது. ஒரு நாடா, ஒரு நூலு, ஒரு மூடி கூட இந்த வீட்டை விட்டு வெளிய போகாது. இனிமே நீ எனக்குக் கடுதாசி போட்டா நான்

(அண்ணா, இதுக்கு மேல அவர் சொன்னதை நான் எழுதல. சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார். நிறைய சொல்றார். நான் எழுதற மாதிரி பேனாவை ஓட்டிக்கிட்டிருக்கேன். இது என் கடுதாசி.

உங்க பங்கு முந்தாநாளே கிளம்பிடுச்சு. நீல நூல் கட்டினது எல்லாத்தையும் எடுத்து, பழைய புடவையில சுத்தி, அட்டைப்பெட்டியில போட்டு, இப்ப எங்க பையன் பாத்துக்கற பட்டறைக்கு வர்ற லாரி டிரைவர் ஒருத்தர்கிட்ட குடுத்தாச்சு. அவர் அந்தப் பக்கம்தான் போறார். இந்தக் கடுதாசிக்கு முன்னாடியே அது உங்க கைக்கு வந்திருக்கும். இவருக்குத் தெரியாது. கோவத்துல அந்த ரூமுக்குப் போகாததும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு.

உங்க மேல உள்ள பிரியத்துல அனுப்பினேன்னு நினைச்சுக்காதீங்க. பிரியம் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. பொறாமையில அனுப்பினேன். ஆமாம். எனக்கும் வரும்.

இத்தனை வருஷம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் உள்ள, நான் டம்ளரை வெச்சுக்கிட்டு வாசப்படியில. வெச்சுட்டுப் போயிடுவேன்னு நீங்க நினைச்சீங்க. நான் போக மாட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு பாட்டாவது கேட்டுட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். படகுப் பாட்டு, ஜெயில் பாட்டு எல்லாம் எனக்கு நின்ன கால்ல தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ள எட்டிப் பாத்து, "அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்களேன்"னு கேட்டேன். ஊஞ்சல்ல உக்காந்து ஒருத்தி யாருக்காகவும் இல்லாம தனக்காகவே பாடறது. இவர் சிரிச்சார். "பின்னால ஓட்டறதும் தப்புதான், சட்டம் சட்டம்தான்"ன்னார். அண்ணா, நீங்களும் சிரிச்சீங்க. அவர் சிரிச்சது எனக்குப் பழக்கம். நீங்க சிரிச்சதுதான் இன்னும் இருக்கு.

உக்காருன்னு சொல்ல ரெண்டு பேர்ல யாருக்கும் தோணல. அது பரவாயில்ல, வேலை இருந்துச்சு. ஆனா அந்த அம்மாவுக்கு நாற்காலி, டீ, "வேண்டாமே"ன்னா ஓட்டிவிடறது. அவங்க வாயைத் திறந்து கேட்டது ஒரு தடவை, நீங்க செஞ்சதும் அந்த ஒரு தடவையே. படிச்சதும் எனக்கு எரிஞ்சுது. இவருக்கு எரிஞ்சதை விட ஜாஸ்தி. இவர் கத்திக்கிட்டாவது இருக்கார்.

அவங்க மேல கோவம் இல்ல. அவங்களுக்கு வேண்டாத பாட்டு வந்தா ஓட்டிவிடுங்க, யாரையும் கேக்க வேண்டாம்.

உங்க பங்குல ஒரு கேசட்டு மட்டும் குறையும். எதுன்னு உங்களுக்குத் தெரியும். கேக்காம எடுத்துக்கிட்டேன். மன்னிச்சுக்கங்கன்னு எழுதத்தான் வந்தேன். வேண்டாம், எழுதல.

நாளைக்கோ மறுநாளோ இவர் ரூமுக்குள்ள போவார், பாப்பார், வீடு இடிஞ்சு விழற மாதிரி கத்துவார். அப்புறம் "எடுறி பேனாவை"ன்னு என்னைக் கூப்பிடுவார். நான் இனிமே எழுதறதா இல்ல. எழுத ஆளில்லாம இவரால எத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியும்? பஸ் ஏறி நேர்ல வந்துதான் கத்துவார். வந்தா ஒரு நாற்காலி போடுங்க. முதலாவதா மூணாவதான்னு எல்லாம் உக்காந்தப்புறம் ஞாபகம் இருக்காது.

எதிர்ல உக்காந்து விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கிட்டிருக்கார். "எழுதிட்டியா, கடைசியா ஒரு வரி இருக்கு, முக்கியமான வரி"ங்கறார். அவர் சொல்லட்டும். டேப் ரெக்கார்டர் உள் ரூமுல இருக்கு, ஊஞ்சல் பாட்டு கேசட்டு என் மடியில இருக்கு. நான் எழுந்து போறேன் அண்ணா.)